லாக்டுலோஸா, ரிஃபாக்ஸிமினா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். ஒருநாள் காலையில் பசியாற உட்கார்ந்தவர், தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஏன் இன்னும் ராத்திரி விளக்கைப் போடல?" என்று பெரியம்மாவைக் கேட்டார். கையை நீட்டச் சொன்னோம். மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து எழுந்தது. கல்லீரல் கெட்டதால் மூளை குழம்புவதன் அடையாளங்கள் இவை; இதற்குக் கொடுக்கும் இரண்டு மருந்துகள்தான் லாக்டுலோஸும் ரிஃபாக்ஸிமினும்.

குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவை நல்ல கல்லீரல் யூரியாவாக்கி வெளியேற்றிவிடும். கெட்டுப்போன கல்லீரலிடமிருந்து தப்பிய அம்மோனியா மூளைக்குப் போய், அங்கே நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களை வீங்க வைக்கும். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சும் ரத்தத்தில் கசிந்து நோய் எதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிடுகிறது. அழற்சி சேர்ந்தால் அதே அளவு அம்மோனியா இரட்டிப்பாய்ப் படுத்தும். சிறுநீர்த் தொற்று வந்தாலே பெரியப்பா தடுமாறுவது இதனால்தான்.

லாக்டுலோஸ் பாகு போல இனிக்கும். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதைப் புளிக்க வைக்க, அந்த அமிலம் அம்மோனியாவை ரத்தத்தில் ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அப்புறம் மலத்தோடு வெளியேற்றும். விலை குறைவு. ஆனால் கணக்கு வேண்டும்: நாளுக்கு 2, 3 முறை இளக்கமாகப் போக வேண்டும். அதற்கு மேல் போனால் நீரும் உப்பும் வற்றி, மருந்தே குழப்பத்தைக் கொண்டுவரும். பெரியம்மா காலண்டரில் பென்சிலால் கோடு போடுகிறார். டாக்டர் முதலில் கேட்பதும் அந்தக் காலண்டரைத்தான்.

ரிஃபாக்ஸிமினுக்கு இந்தத் தொல்லை இல்லை. 550 மில்லிகிராம், தினம் 2 வேளை. ரத்தத்தில் அநேகமாகச் சேராத ஆன்டிபயாட்டிக் இது; குடலிலேயே வேலை செய்யும். பாக்டீரியாக் கூட்டத்தைப் பெரிதாக மாற்றாமல், அது உண்டாக்கும் பொருள்களை மாற்றுகிறது என்கிறார்கள். 2010இல் வெளியான, 299 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 6 மாதத்துக்குள் மறுபடி குழம்பியவர்கள் இதை எடுத்தவர்களில் 22 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: இரு பிரிவிலும் 90 சதவீதத்துக்கு மேல் லாக்டுலோஸும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பாகை நிறுத்திவிட்டு மாத்திரை மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பர்ஸையும் பார்க்க வேண்டுமே!

புரதம் அம்மோனியாவைக் கூட்டும் என்று பருப்பை நிறுத்தச் சொல்லும் உறவினர் பேச்சைக் கேட்க வேண்டாம். தசையும் அம்மோனியாவைக் கரைக்கும். புரதம் குறைந்தால் தசை போய்விடும்.

பெரியப்பாவுக்கு முதலில் பாகு மட்டும். இரண்டாம் முறை குழம்பிய பிறகு மாத்திரையும் சேர்ந்தது. மூளை தெளிவாக இருக்கிறதா என்று அறிய, ஞாயிறுதோறும் ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று பார்ப்போம். போன வாரம் 17. கொசுவைச் சேர்த்தது செல்லாது என்று பெரியம்மா 16 எழுதினார்.