மேக்ஸ்வெல்லின் படைக்கு எந்தச் சிவப்பு, திப்புவின் படைக்கு எந்த ஊதா?

1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை அழைத்துவந்த லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல், திப்பு வசமிருந்த கிருஷ்ணகிரிக் கோட்டையை இரவோடு இரவாகப் பிடிக்கப் பார்த்தார். மலையடியில் இருந்த பேட்டை விழுந்தது. மேல்கோட்டை விழவில்லை. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளில் ஏணிகளும் போயின, ஆட்களும் போனார்கள். கோட்டை நிற்கும் சையத் பாஷா மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. இந்தச் சண்டையை 28 மி.மீ. பொம்மை வீரர்களைக் கொண்டு செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு, பாறையும் ஏணியும் பெரிய வேலையில்லை. பெயிண்ட் வாங்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

முதலில் கும்பினிப் பக்கம். சிவப்புச் சட்டை என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சிவப்பு என்பதில்தான் சண்டை. அன்றைய பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகை வேர்ச்சாயம் போட்டார்கள். விலை குறைவு, நிறம் செங்கல் பக்கம் சாயும். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம். அதுதான் கண்ணைப் பறிக்கும் ஸ்கார்லெட். அதனால் மொத்தப் படைக்கும் ஒரே டப்பா ஸ்கார்லெட்டை அடிப்பவர்கள், எல்லோரையும் அதிகாரியாக்கிவிடுகிறார்கள்.

ஸ்கார்லெட்டுக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு. பொம்மை சின்னதாகச் சின்னதாக நிறம் கறுத்துத் தெரியும். நிஜத் துணியின் நிறத்தை அப்படியே 28 மி.மீ. ஆளுக்கு அடித்தால், கை நீட்டும் தூரத்தில் அழுக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். சரி, அதற்கு ஸ்கார்லெட்டுக்குத் தாவ வேண்டியதில்லை. செங்கல் சிவப்பையே ஒரு படி வெளுப்பாகக் கலந்தால் போதும். வெளுக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், ரோஸ் ஆகிவிடும். கொஞ்சம் ஆரஞ்சு, அல்லது தோல் நிறம். என் ஓட்டு இதற்குத்தான்: சிப்பாய்க்குச் செங்கல், குதிரைமேல் இருப்பவருக்கு மட்டும் ஸ்கார்லெட். பத்துப் பதினைந்து பேர் நடுவே அதிகாரி தானாகவே தனித்துத் தெரிவார். தவிர, இரவுத் தாக்குதலுக்குப் பளிச்சென்ற சிவப்பு பொருந்தவும் பொருந்தாது.

செங்கல் சிவப்புக்கு ஒரு எதிரி உண்டு: நம் ஊர்ச் செம்மண். பொம்மையின் அடித்தட்டில் ஆர்வத்தோடு நிஜச் செம்மண்ணைச் சலித்து ஒட்டினால், ஆளும் மண்ணும் ஒன்றாகிவிடும். அதற்குப் பதில் கிரானைட் தூள் எடுங்கள். கல் அறுக்கும் பட்டறைகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? மலையும் அதே சாம்பல் பாறைதான். சிவப்பு எடுப்பாக நிற்கும்.

சிவப்பு மூடும் திறன் குறைந்த நிறம் என்பதால், அடியில் என்ன இருக்கிறது என்பதே பாதி முடிவு. வெள்ளை பிரைமர்மேல் அடித்தால் பளிச்சென்று வரும். ஆனால் சட்டை மடிப்புகளில் விட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும். கறுப்புமேல் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் சோர்ந்தே இருக்கும். மூன்றாவதாக ஒன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்: கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு. உலோகப் பொம்மைக்கு இதை டர்பன்டைனில் நன்றாக நீர்க்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி அடித்தால் அருமையான அடிப்பூச்சு. மடிப்புகளின் நிழல் இலவசமாகவே கிடைத்துவிடும். நன்றாகக் காயவிட்டுத்தான் மேல்கோட். பிளாஸ்டிக் பொம்மை என்றால் இந்த வழி வேண்டாம். அதிலும் என்சி தின்னர் பட்டால் ஆள் உருகியே போவார்.

அப்புறம் மைசூர்ப் பக்கம். திப்புவின் காலாட்படை போட்ட 'புலிச்சட்டை' என்றதும் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் தப்பு. அக்காலத்து ஆங்கிலேயக் குறிப்புகள் சொல்வது ஊதா நிறக் கம்பளிச் சட்டை, அதில் வெள்ளைப் புள்ளிகள், தலையில் சிவப்புத் துணி. புலிக்கோடு நிறத்தில் இல்லை, அந்தப் புள்ளிகளின் வடிவத்தில் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தவுலத் மாளிகையில் 1780 பொள்ளிலூர்ப் போரின் சுவரோவியத்தைப் பார்த்து நிறம் எடுக்கலாமே என்று தோன்றும். பின்னாளில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் (1850களில்) புதுப்பித்துத் தீட்டிய ஓவியம் அது. உடை, அணிவகுப்பு பார்க்க உதவும்; சாயம் பார்க்க அல்ல.

போட்டி ஊதாவுக்கும் கருநீலத்துக்கும். கருநீலம் எளிது, டப்பாவிலிருந்தே அடிக்கலாம், சிவப்புப் படைக்கு எதிரே மேசையில் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஊதாவுக்குக் கலக்க வேண்டும்: அல்ட்ராமரைன் நீலத்தோடு கிரிம்சன். கையில் இருக்கிறதே என்று வெர்மிலியனைச் சேர்த்தால் ஊதா வராது, சேறு வரும். நான் ஊதாவே அடிப்பேன், நீலம் ஒரு பங்கு தூக்கலாக. வெள்ளைப் புள்ளிகளை நிஜ எண்ணிக்கையில் வைக்க முயன்றால் சட்டை நரைத்துவிடும். சற்றே பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக, சுத்த வெள்ளையில்லாமல் பழுப்பு கலந்த வெள்ளையில், மிக மெல்லிய 000 பிரஷ்ஷால் வையுங்கள்.

பெயிண்ட் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போஸ்டர் கலர் வேண்டாம். இரண்டாவது கோட்டின் ஈரத்தில் முதல் கோட் கரைந்து வரும். ஹம்ப்ரோல் போன்ற எனாமல் உறுதியானது, ஆனால் காய நேரமாகும், வாடையும் உண்டு. வயெஹோ (Vallejo) அக்ரிலிக்கில் நிறமிகள் நைஸாக அரைபட்டிருக்கும், மெல்லிய கோட்டிலேயே மூடும், விலைதான் கடிக்கும். கேமல், ஃபெவிகிரில் அக்ரிலிக் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும், தண்ணீரில் நீர்த்து இரண்டு மூன்று கோட் போட்டால் போதும். சட்டை, கால்சட்டை, பாறை எல்லாவற்றுக்கும் இதுவே தாராளம். கழுத்துப்பட்டை, கைமடிப்பு, புலிப்புள்ளி மாதிரி நுணுக்கத்துக்கு மட்டும் விலையுயர்ந்த டப்பாவைத் திறங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எந்த அக்ரிலிக்கும் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள டப்பாவில் நனைத்த டிஷ்யூவும் அதன்மேல் பட்டர் பேப்பரும் போட்டு, அதில் கலந்துகொள்ளலாம்.

மதராஸ் சிப்பாய்களின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும். விருப்பம் உங்களுடையது என்றால் பச்சையைவிட மஞ்சள் செங்கல் சிவப்பின்மேல் நன்றாகப் பேசும். கடைசியில் எல்லோருக்கும் மேட் வார்னிஷ். பளபளா வார்னிஷ் அடித்த கம்பளிச் சட்டை மழைக்கோட்டு மாதிரி இருக்கும். துப்பாக்கிக் குழலுக்கும் பயனெட்டுக்கும் மட்டும் அது போதும்.