உள்துளைக் காயிலுக்கான காந்தக் கலவைத் துண்டு: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

சின்டர் செய்த (தூளை அழுத்திச் சூட்டில் இறுக்கிய) இரும்புப் புஷ்களின், அதாவது குழாய் வடிவ உறைகளின், உள்துளையை இண்டக்‌ஷன் முறையில் (மின்னோட்டம் ஓடும் செம்புக் காயிலின் காந்தப்புலத்தால் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து) கடினப்படுத்தும் எங்கள் பட்டறையில், காயிலின் நடுவே பொருத்துவதற்கென்று விற்கப்படும் மென்காந்தக் கலவைத் துண்டை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். மின்காப்புப் பூச்சுள்ள இரும்புத் துகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பொருள் இது. இரும்புத் தூளால் ஆன பாகத்தைச் சூடாக்க இன்னோர் இரும்புத் தூளே துணை நிற்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வளையமாக வளைத்த செம்புக் குழாயில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் இயல்பாகவே உட்பக்கச் சுவரை ஒட்டி ஓடும். சூடேற வேண்டிய உலோகமோ வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அதோடு, காந்தப் பாயம் (காந்தப்புலக் கோடுகளின் தொகுதி) முழுவதும் காயிலின் நடுவிலுள்ள குறுகிய வெளி வழியாகவே சென்றாக வேண்டும் என்பதால், மிகுதியான மின்னோட்டம் தேவைப்பட்டுச் செம்புதான் வீணாகச் சூடாகிறது. அந்த வெளியைக் கலவைத் துண்டு நிரப்பியதும் பாயத்துக்கு எளிய பாதை கிடைக்கிறது; மின்னோட்டமும் பாகத்தைப் பார்த்த சுவருக்கு நகர்கிறது. கடினமாகும் அடுக்கில் முன்பு கிடைத்த அதே ஆழத்தை இப்போது தெளிவாகக் குறைந்த மின்திறனில் எட்டுகிறோம். காயிலிலிருந்து திரும்பும் தண்ணீரின் சூடு தணிந்திருப்பதைக் குழாயைத் தொட்டாலே உணரலாம்.

தூள் உலோகப் பாகங்களுக்கு இதன் அருமை கூடுதல். திட எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என்றால், எங்கள் புஷ்களில் அது 7 கிராம் அளவே. இடையிலுள்ள நுண்துளைகளால் மின்தடை ஏறுகிறது, காந்த ஊடுதிறன் (காந்தப் பாயத்தைத் தன்னுள் செல்லவிடும் தன்மை) இறங்குகிறது, ஆகவே வெப்பம் தோன்றும் அடுக்கு தடிக்கிறது. குவெஞ்சின்போது (சட்டெனக் குளிர்விக்கும்போது) வெப்பம் வெளியேறுவதும் மந்தமாகிறது. இந்நிலையில் வெப்பம் உள்ளே பரவுவதற்குள் மேற்பரப்பை விரைந்து சூடாக்குவதே நல்ல வழி. இத்துண்டு அதற்குக் கைகொடுக்கிறது.

பற்சக்கரப் பற்களைக் கடினப்படுத்த, பாகத்தை வெளியே சுற்றி நிற்கும் காயிலிலும் இதைப் பொருத்திப் பார்த்தோம். அங்கே பாயம் திரும்பி வரத் திறந்த வெளி ஏற்கெனவே இருப்பதால் மின்சாரச் சேமிப்பு சொற்பம். அதற்காக இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. துண்டு தானும் சூடாகும். அதன் பிசின் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் தாங்காது. விற்றவர் தந்த குறிப்பில் ஒட்டும் முறை பற்றி ஒரு வரியும் இல்லாததால், செம்போடு இடைவெளி விட்டுப் பொருத்திய எங்கள் முதல் துண்டு கருகிப்போனது. வெப்பம் கடத்தும் எபாக்சிப் பசையால், தண்ணீர் ஓடும் செம்போடு இடைவெளியின்றி ஒட்டிய இரண்டாவது துண்டு இன்றுவரை நன்றாக உழைக்கிறது. நுண்துளைகளில் தங்கிய எண்ணெய் புகைந்து துண்டின்மேல் படிவதால், புஷ்களை முன்கூட்டியே கழுவி உலர்த்திய பிறகுதான் காயிலுக்கு அனுப்புகிறோம்.