எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர்களே, 'ஆறு மாதத்தில் மெடிக்கல் பிசிசிஸ்ட்' என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும், இந்த வருடம் முடிக்கப் போகிறவர்களும், பிள்ளைகளுக்காகப் பணம் புரட்டும் பெற்றோரும் இதைப் படித்துவிடுங்கள். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி நிறுவனம் கேன்சர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கணக்குப் போடும் மெடிக்கல் பிசிசிஸ்ட் ஆக்குகிறோம் என்று என்னிடம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லாத ஒரு சான்றிதழைக் கொடுத்தது. என்னோடு படித்த அத்தனை பேருக்கும் இதே கதிதான். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. இவர்கள் பேனரை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள். ஏமாற்றும் விதம் தெரிந்துவிட்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ரிசல்ட் வரும் சமயம் பார்த்து போன் வரும். நம் பெயர், கல்லூரி, மதிப்பெண் வரைக்கும் தெரிந்து வைத்திருப்பார்கள். "பிசிக்ஸ் படிச்சிட்டு பிரைவேட் ஸ்கூல்ல பத்தாயிரத்துக்குப் போகப் போறீங்களாம்மா? கேன்சர் ஆஸ்பத்திரியில அறுபதாயிரம் காத்துக்கிட்டு இருக்கு" என்பதுதான் முதல் பேச்சே. நேரில் போனால் நம்மிடம் பேச மாட்டார்கள், கூட வந்த பெரியவர்களிடம்தான் பேசுவார்கள். "அய்யா, உங்க பொண்ணு ஏ.சி. ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பார்க்கும். நூறு சதவீதம் வேலைக்கு நான் பொறுப்பு" என்று அப்பாவிடம் கையைப் பிடித்துச் சொன்னார் அந்த நிர்வாகி. மாந்தோப்புக் குத்தகைப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதிலிருந்து முதல் தவணையை அப்பா கட்டினார். கட்டிய கையோடு, "வெரிஃபிகேஷனுக்கு வேணும், ரெண்டு நாள்ல கொடுத்துடுறோம்" என்று என் ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி., கன்சாலிடேட்டட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் சாயம் வெளுக்க நாளானது. மெடிக்கல் பிசிக்ஸ் என்ற துறை நிஜமாகவே இருக்கிறது, நல்ல துறை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு டோஸ் போக வேண்டும் என்று கணக்கிட்டுத் திட்டம் போடுவதும், கதிர்வீச்சு கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் கருவி சரியான அளவைக் கொடுக்கிறதா என்று சோதிப்பதும் பிசிக்ஸ் படித்தவர்களின் வேலை. 2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் அவர்கள் விளக்கமாகச் சொன்னார்கள். அந்த வேலைக்கு யார் தகுதி என்பதை முடிவு செய்வது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. எல்லோரும் ஏ.இ.ஆர்.பி. என்று சொல்வது அதைத்தான்.

வாரியம் கேட்பது இதுதான். எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர் என்றால், அதற்கு மேல் அங்கீகாரம் பெற்ற முதுநிலை டிப்ளமோ ஒன்றை ரேடியாலஜிக்கல் பிசிக்ஸிலோ மெடிக்கல் பிசிக்ஸிலோ முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பி.எஸ்சி. பிசிக்ஸுக்குப் பிறகு நேராக எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸே படித்திருக்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும், வசதியுள்ள ரேடியோதெரபி, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம். பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கு இதற்கு மேல் தனித் தேர்வும் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கே ஒரு வருடம் வேண்டும் என்னும்போது, மொத்தப் படிப்பையும் ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் எதைத் தர முடியும்?

வகுப்பு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்கான நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தார்கள். டோஸ் அளக்கும் அயனைசேஷன் சேம்பரைப் படத்தில்கூடக் காட்டவில்லை. இரண்டாவது மாதம் ஆளுக்கொரு டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்து, மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு வேலையில் இருப்பவர் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் அது. உள்ளே ஒரு உலோகத் தகட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று இருக்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால், வாங்கிய டோஸுக்குத் தக்கபடி ஒளி விடும். இப்படிச் சூட்டில் ஒளி விடும் தெர்மோலூமினசன்ஸை சாலிட் ஸ்டேட் பேப்பரில் படித்திருந்ததால் ஆசையாகத் திறந்து பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் கூடு. தகடும் இல்லை, வில்லையும் இல்லை. ஆசிரியரிடம் காட்டினேன். "டம்மிதாம்மா, ஒரிஜினல் அப்புறம் வரும்" என்றார். கடைசி வரை வரவில்லை. ஆனால் அந்த போட்டோக்கள் மட்டும் அடுத்த பேட்ச் விளம்பர நோட்டீஸில் வந்தன.

இன்டர்ன்ஷிப் என்று ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே சிகிச்சைக் கருவி எதுவும் கிடையாது. எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களுக்கு டோக்கன் போட்டோம், ஃபிலிமைக் கவரில் போட்டுப் பெயர் எழுதினோம். சம்பளமில்லாத ரிசப்ஷனிஸ்ட் வேலை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்காணல். அவர்கள் அனுப்பியது அல்ல, நானே விண்ணப்பித்தது. அங்கிருந்த தலைமை பிசிசிஸ்ட் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ரேடியோதெரபி டிபார்ட்மென்ட்ல இன்டர்ன்ஷிப் பண்ணீங்கம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதில் கேட்டதும் கோபப்படவில்லை. கணினியைத் திருப்பி வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து, எந்தெந்த நிறுவனங்களின் மெடிக்கல் பிசிக்ஸ் படிப்பு ஏற்கப்பட்டது என்ற பட்டியலைக் காட்டினார். இந்தப் பட்டியலில் இல்லாத படிப்பை வைத்து என்னை வேலைக்கு எடுத்தால் ஆஸ்பத்திரியின் உரிமத்துக்கே சிக்கல் என்றார். அந்த மனிதருக்கு நான் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். மார்க்‌ஷீட்டைக் கேட்டால், கடைசித் தவணைக்கு வட்டி கட்டச் சொன்னார்கள். மாமா ஒருவர் சொன்னபடி காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். அந்த ரசீதைப் பார்த்ததும் ஒரிஜினல்கள் அப்படியே வந்துவிட்டன. பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இந்தத் துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய வழியில் போங்கள். எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரு வருட ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோ நடத்துகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. பி.எஸ்சி.யில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இருக்கிறது. இதெல்லாம் எங்கள் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மாடிப்படியை யாரும் ஏறியிருக்க மாட்டோம்.

இன்னொன்று. இதே ஆட்கள் "பாபா மையத்துல சயின்டிஸ்ட் போஸ்ட், உள்ளே ஆள் இருக்கு" என்று எங்கள் பேட்ச் அண்ணன் ஒருவரிடம் 3 லட்சம் கேட்டார்கள். அங்கே விஞ்ஞானியாகச் சேர்வது ஓ.சி.இ.எஸ். என்ற பயிற்சித் திட்டம் வழியாக. தேர்வு மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுவார்கள், அப்புறம் நேர்காணல். விண்ணப்பக் கட்டணம் தவிர யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எடுத்து ஆராய்ச்சிக்குப் போனால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை நமக்குத்தான் தருவார்கள். உடனே தனியார் வேலை வேண்டுமென்றால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையம் இருக்கிறது. முகாமும் பதிவும் இலவசம். எங்கே போனாலும் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அதே நிர்வாகி தர்மபுரியில் வேறு பெயரில் 'புது பேட்ச் ஆரம்பம்' என்று பேனர் வைத்திருக்கிறார். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், ரசீதையும் 'நூறு சதவீத வேலை' என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களில் சிலருக்கு அனுப்பியதை அவர்கள் அழித்துவிட்டார்கள். அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம்.