சித்தியின் நித்திரையைக் கேட்டறிந்த இடம்

சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பிய அகதிகளுக்கு 1988 முதல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இலவச உளநல உதவி வழங்கிவரும் ஸ்டார்ட்ஸ் நிறுவனத்துக்கு, 2009இல் வன்னியில் மகனைத் தொலைத்த என் சித்தியை அழைத்துச் சென்றேன். முன்பு வேறொரு மருத்துவமனையில் அவர் ‘நெஞ்சை அடைக்குது’ என்றதும், இதயப் பரிசோதனையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கோ, மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்க வேண்டுமா, ஊரில் தெரிந்தவராக இருந்தால் சங்கடமா என்றே முதலில் கேட்டார்கள். சிறிய சமூகத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. நித்திரை எப்படி என்று தொடங்கிய ஆலோசகர், மகனின் படத்துக்கு விளக்கேற்றுவதா வேண்டாமா என்ற தவிப்பு உண்டா என மெல்ல வினவியபோது, சித்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நெடுநேரம் பேசினார். முதற் சந்திப்புக்கு ஒருவர் துணையாகச் செல்வது நல்லது.