45 செ.மீ. கதிர்ப்பாத்திரம்: முலாம் அருமை, சிக்கல் லூனாவில்

அர்ச்சிக்கப்பட்ட நற்கருணை அப்பத்தை ஆராதனைக்காக எல்லாரும் காண வைக்கும் பாத்திரம் இது. பித்தளையில் வார்த்துத் தங்க முலாம் பூசியது. சிற்றாலயத்துக்கும் துறவற இல்லத்துக்கும் இந்த உயரம் போதும். பெரிய ஆலயம் என்றால் கடைசி வரிசைக்குக் கதிர்கள் தெரியும், அப்பம் தெரியாது.

கதிர்களின் நுனியை மழுக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. நற்கருணை ஆசீர் வழங்கும்போது குருவானவர் தோளில் போர்த்தும் தோள்துகில் கூர்நுனியில் மாட்டிக்கொண்டால் என்ன பாடு என்பது கோயில்பிள்ளைகளுக்குத் தெரியும். தண்டின் குமிழும் துகிலோடு சேர்த்துப் பிடிக்க வாகாக இருக்கிறது.

அப்பத்தைத் தாங்கும் உட்கூடான லூனாதான் ஏமாற்றம். இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிறை வடிவக் கவ்வி. உள்விட்டம் 7 செ.மீ. பெரிய அப்பமும் பெரும்பாலும் அதே அளவு என்பதால் பொருந்திவிடும் என்றே தோன்றும். ஆனால் புளிப்பில்லாக் கோதுமை அப்பம் காற்றின் ஈரத்தை இழுத்து விரியும், வளையும். விரிய இடமில்லாமல் விளிம்பு நொறுங்கித் துகள்கள் அடியில் சேரும். வளைந்தால் கண்ணாடியில் ஒட்டும். சுற்றிலும் 2 மி.மீ. விட்டிருக்கலாம்.

கவ்வியும் தடிமன். நிலவின் குறுக்கே கோடு விழுந்ததுபோல, அப்பத்தின் கீழ்ப்பகுதியை ஒரு பட்டை மறைக்கிறது. பெல்ஜியத்தின் லீஜ் நகர்த் துறவியான புனித ஜூலியானா, ஒளிரும் நிலவின் குறுக்கே கருங்கோட்டைக் காட்சியில் கண்டு, நற்கருணைக்கெனத் தனி விழா இல்லாத குறை அது என்று உணர்ந்தார். 1246-இல் அவருடைய மறைமாவட்டத்திலும், அவர் இறந்து 6 ஆண்டுகள் கழித்து 1264-இல் திருச்சபை முழுமைக்கும் அந்த விழா, அதாவது திருவுடல் பெருவிழா, வந்தது. இந்தப் பட்டை நீங்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம். மெல்லிய கவ்வியுள்ள லூனாவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பழைய லூனாவின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு வாங்குங்கள்.

எந்த லூனாவானாலும், முதலில் அர்ச்சிக்கப்படாத அப்பத்தை வைத்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் சற்றுச் சிறிய அப்பம் தேவை.

திருவுடல் பெருவிழாப் பவனிக்கு முன் அடித்தட்டைத் திருப்பி மரையைச் சோதியுங்கள். தண்டு முழுவதையும் ஒரே கம்பிதான் இழுத்துப் பிடிக்கிறது. நடையின் அதிர்வில் மரை தளர்ந்தால் மேற்பகுதி திரும்பிவிடும். ஸ்பிரிங் வாஷர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

ஆராதனைக்கு 4 முதல் 6 மெழுகுதிரிகள் ஏற்றுவது முறை. நெருக்கி வைத்தால் கண்ணாடியில் புகை படியும். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி மட்டும். பித்தளை பாலிஷ் முலாமைச் சுரண்டிவிடும். லூனாவைத் துடைப்பதற்கு முன், அதில் தங்கிய துகள்களைக் குருவானவர் தண்ணீர் விட்டு எடுத்து அருந்தியிருக்க வேண்டும்.