செக்‌ஷன் தானாக மூடும்போது மிச்ச நாசிலில் என்ன நடக்கிறது? மூன்று ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

மருந்து தெளிக்கும் பூம் (நாசில் என்னும் தெளிப்பு முனைகள் வரிசையாகப் பொருத்திய நீண்ட கை) வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை செக்‌ஷன்?" என்றுதான். அதாவது, தனித்தனியாகத் திறந்து மூட பூமில் எத்தனை பகுதிகள் என்று. நான் கேட்கச் சொல்வது வேறு. ஒரு செக்‌ஷன் மூடிய நொடியில், அதுவரை அதன் வழியாகப் போன தண்ணீர் எங்கே போகிறது?

எண்ணிக்கையும் முக்கியம்தான். 24 மீட்டர் பூம், ஏற்கெனவே அடித்து முடித்த ஓரப் பட்டையை 45 டிகிரி சாய்வில் வந்து சேர்கிறது என்று வையுங்கள். ஓர் இடமும் விடுபடக் கூடாதென்றால், மொத்தப் பூமுக்கும் ஒரே சுவிட்சில் 288 சதுர மீட்டரில் இரட்டை மருந்து விழும். எட்டு செக்‌ஷனாகப் பிரித்து ஜிபிஎஸ் மூடினால் அது 36. அரை மீட்டருக்கு ஒன்றாக 48 நாசிலும் தனித்தனியாக மூடினால் 6. பெரிய மிச்சம் முதல் எட்டிலேயே வந்துவிடுகிறது, கவனியுங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். ஹெக்டேருக்கு 100 லிட்டர், வேகம் மணிக்கு 18 கி.மீ. என்றால் முழுப் பூமுக்கு நிமிடத்துக்கு 72 லிட்டர் வேண்டும். பாதி மூடினால் 36 போதும். திறக்கவும் மூடவும் மட்டுமே செய்யும் சாதாரண இருவழி வால்வு வைத்த ஏற்பாட்டில் ஃப்ளோ மீட்டர் (ஓட்டத்தை அளக்கும் கருவி) இதைக் கவனித்து, கண்ட்ரோலர் அளவைச் சரிசெய்யும் ரெகுலேட்டர் வால்வைத் திருப்பி, அளவு நிலைக்குவர இரண்டு மூன்று நொடி ஆகிவிடலாம். அந்த வேகத்தில் அது 10, 15 மீட்டர் தூரம். அதற்குள் பிரஷர் ஏறி, திறந்திருக்கும் நாசில்கள் கூடுதலாக ஊற்றுகின்றன. பிரஷர் கேஜின் முள் 3 பாரிலிருந்து 4.3-க்குப் போனாலே 20% அதிகம், துளியும் பொடியாகி காற்றில் பறக்கும். திரையில் மட்டும் எண் 100 பக்கத்திலேயே நிற்கும், ஏனென்றால் பல கண்ட்ரோலர்கள் ஏற்ற இறக்கத்தைச் சராசரியாக்கித்தான் காட்டுகின்றன. அதை நம்பி ஓட்டினால் பயிர்தான் அடிவாங்கும். சென்ட்ரிஃபியூகல் பம்பில் இந்த ஏற்றம் குறைவு, டயாஃப்ரம் பம்பில் அதிகம்.

மூவழி வால்வு இதை எளிமையாகத் தீர்க்கிறது. மூடிய செக்‌ஷனின் பங்குத் தண்ணீர் அப்படியே டேங்குக்குத் திரும்பிவிடுவதால் மற்ற நாசில்களுக்குப் பிரஷர் மாறுவதில்லை. ஆனால் திரும்பும் அளவு நாசிலின் அளவுக்குச் சமமாக இருக்கும்படி ஒவ்வொரு செக்‌ஷனையும் திருகிச் சரிசெய்ய வேண்டும். நாசில் மாற்றினால் மறுபடியும் அதே வேலை. இதை மறந்துவிட்டால் இருவழி வால்வின் கோளாறே திரும்ப வரும், கண்ட்ரோலரில் வால்வு வகையைத் தவறாகக் கொடுத்தாலும் அளவு குழம்பும்.

மூன்றாவது, ஒவ்வொரு நாசிலிலும் சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வைத்து நொடிக்கு 10 முறையோ அதற்கு மேலோ திறந்து மூடும் பல்ஸ் முறை. பிரஷர் ஒரே நிலையில் நிற்கும், திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தே அளவு மாறும். மற்ற இரண்டுக்கும் முடியாத ஒன்று இதற்கு முடியும், அதுதான் வளைவு. பூமின் நடு 20 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது வெளி முனை 32 மீட்டர் ஆரத்திலும் உள் முனை 8 மீட்டர் ஆரத்திலும் ஓடுகிறது. எல்லா நாசிலும் ஒரே அளவு ஊற்றினால் உள்ளே இரண்டரை மடங்கு விழும், வெளியே 62% மட்டும். பல்ஸில் நேர் ஓட்டத்தை 60% திறப்பில் வைத்திருந்தால் வெளி முனை 96-க்கு ஏறி, உள் முனை 24-க்கு இறங்கிச் சமன் செய்யும். நேரிலேயே 90% வைத்து ஓட்டுகிறவருக்கு வெளியே ஏற இடமே இருக்காது. அப்புறம், காற்று உறிஞ்சும் வகை நாசில்கள் இதற்குப் பொதுவாகப் பொருந்தாது.

என் தேர்வு? வயல் சதுரமாக இருந்தால், நன்றாகச் சரிசெய்த மூவழி வால்வோடு எட்டு செக்‌ஷன் போதும். கோணலும் வளைவும் நிறைய இருந்தால் பல்ஸ். இருவழி வால்வை வைத்துக்கொண்டு செக்‌ஷனை மட்டும் கூட்டுவதை நான் சொல்லவே மாட்டேன், மூடும் தருணங்கள் கூடக் கூட கேஜ் முள் துள்ளுவதும் கூடும்.

எதை வாங்கினாலும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி, வண்டியை நிறுத்தி வைத்து, செக்‌ஷன்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், கேஜைப் பாருங்கள்.