எம்எக்ஸ்ஆர் இவிஹெச் ஃபேஸ் 90: வான் ஹேலன் ஒலிக்கு ஒரே குமிழ்

1978இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் எடி வான் ஹேலன் எழுப்பிய கிதார் ஒலியை வீட்டில் மீட்டெடுக்க முயல்வோர் பலரும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்துவந்தேன். தனி வாசிப்புகளில் நீரோட்டம்போல் நெளியும் அந்தப் பளபளப்பு ஃபேசர் பெடலின் (காலால் மிதித்து இயக்கி, ஒலியில் நெளிவை உண்டாக்கும் கருவியின்) வேலை என்பது, எம்எக்ஸ்ஆர் நிறுவனம் எடியின் பெயரில் வெளியிட்ட இந்த இவிஹெச் ஃபேஸ் 90ஐ வாங்கி வாசித்த பிறகே எனக்குக் காதால் புரிந்தது.

சிவப்புப் பின்னணியில் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் ஓடும் இந்தப் பெடலில் வேகத்துக்கு ஒரு குமிழும் ‘ஸ்கிரிப்ட்’ என்ற சிறு பொத்தானும் மட்டுமே உள்ளன. அந்தப் பொத்தானுக்காகவே சாதாரண ஃபேஸ் 90ஐ விட்டு இதை எடுத்தேன். கையெழுத்துப் பாணியில் பெயர் பொறித்து 1970களில் வந்த பழைய பெடல்களில், ஒலியின் ஒரு பகுதியை மீண்டும் சுற்றுக்குள் அனுப்ப பின்னாளில் சேர்க்கப்பட்ட ஃபீட்பேக் மின்தடை கிடையாது. ஸ்கிரிப்ட் நிலை அந்தப் பழைய குணத்தைத் தருவதால் நெளிவு மென்மையாக இருக்கிறது. மற்ற நிலையில் நடு அதிர்வெண்கள் புடைத்துவிடுகின்றன. இந்த ஒலிக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை.

குமிழை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையே நிறுத்தினால், சுழற்சி என்று தனியே ஒன்று தெரியாமல், ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒரு மெருகு மெல்ல நகர்ந்து செல்கிறது. ‘அட்டாமிக் பங்க்’ பாடலின் தொடக்கத்தில் வருவதுபோல, தந்திகளை அமுக்கிப் பிடித்து, அவற்றின்மேல் உள்ளங்கையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். வெறும் உரசல் ஓசை, யாரோ வாயைத் திறந்து மூடுவதுபோல விரிந்து ஒடுங்கியது. நான்கு கட்ட ஃபேசர் என்பதால் ஒலியில் இரண்டு பள்ளங்கள் (ஒலி குன்றும் அதிர்வெண்கள்) மட்டுமே மேலும் கீழும் நகர்கின்றன. பலவகை அதிர்வெண்களும் கலந்த உரசலில் அவற்றின் நடை தெளிவாகக் கேட்கிறது.

ஆனால், இது டிஸ்டார்ஷன் தரும் பெடல் அன்று. எடியின் ஒலிக்கு அடித்தளம் கிதாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே இருந்த ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), குமிழ்களை முழுக்கத் திருப்பிய 100 வாட் மார்ஷல் சூப்பர் லீட் ஆம்ப் (ஒலிபெருக்கி), அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைத்த வேரியாக் ஆகியவைதாம். (வேரியாக்கை வால்வு ஆம்போடு இணைத்து வீட்டில் சோதிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.) பிளெக்ஸி வகை (பழைய மார்ஷல் பாணி) ஒலி தரும் ஆம்பில் கெயினை (டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டும் அமைப்பை) வழக்கத்தைவிடக் குறைத்து, பெடலை ஆம்புக்கு முன்னால் இணைத்தபோதுதான் எனக்கு அந்த ஒலி வாய்த்தது, எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பெருக்கிக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் வழியில்) இணைத்தபோது நெளிவு மிகுந்து அது கலைந்துவிட்டது. ரிதம் வாசிக்கையில் அணைத்து வைத்திருந்து, தனி வாசிப்பின் முதல் சுரத்துக்குச் சற்று முன்பு மிதித்தால், ஒலியளவைத் தொடாமலேயே கிதார் ஓரடி முன்னால் வந்து நிற்கிறது.